ஒரு வாய் தண்ணீர் கூடத் தரவிடாத சிஸ்டர்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 56 வயது, காப்பித் தோட்டத்தில் வேலை. ஒருநாள் விடியற்காலையில் எழுப்பப் போனபோது வலது கை, கால் விழுந்து, வாய் கோணி, பேச்சு வராமல் கிடந்தார். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து இன்று எட்டாம் நாள். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு, அதைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். அதன்பிறகு பெரிதாக வைத்தியம் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. நர்ஸ்கள் வருகிறார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள், காய்ச்சல் பார்க்கிறார்கள், புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போகிறார்கள். ராத்திரி தூங்கவும் விடுவதில்லை. முதல் இரண்டு நாள் பிரஷர் 190 காட்டியும் மாத்திரை தரவில்லை. உதடு காய்ந்து தவித்த அம்மாவுக்கு நான் நாலு ஸ்பூன் இளநீர் கொடுத்ததற்கு, ஒரு சிஸ்டர் வார்டே கேட்கத் திட்டினார். இப்போது மூக்கில் குழாய். சும்மா போட்டு வைத்திருப்பதற்கு, எண்ணெய் போட்டு உருவிவிடும் வைத்தியரிடம் கொண்டுபோகலாம் என்கிறார் மாமா. புறா ரத்தம் தடவச் சொல்கிறார்கள் ஊரில். என்னைக் கண்டாலே அம்மா அழுகிறார். சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்வார்கள் போலிருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள தங்கைக்கு,

இளநீர் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். கடிதத்தில் உங்களுக்கு அதிகம் வலித்த இடம் அதுதான்.

விழுங்குவது நமக்கு யோசிக்காமலே நடக்கிற காரியம். வாயில் இருப்பதை நாக்கு பின்னால் தள்ளும், அந்த நொடியில் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும், உணவு அதன் வழியில் இறங்கும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். மூட வேண்டியது சற்றுத் தாமதமாக மூடும். தண்ணீர், இளநீர், மோர் போன்றவை அதற்குள் ஓடி நுரையீரலில் இறங்கிவிடும். ராகிக் கூழ் கெட்டி, மெதுவாக நகரும். அதனால் கூழை விழுங்க முடிகிற சிலரால் தண்ணீரை விழுங்க முடியாது. நம் பக்கத்தில் இதைத் தலைகீழாகத்தான் நினைக்கிறோம், ‘சோறு வேண்டாம், தண்ணியாவது குடுக்கலாமே’ என்று.

புரையேறினால் இருமுவாரே, தெரிந்துவிடுமே என்று கேட்பீர்கள். சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மங்கிப்போயிருக்கும். உள்ளே போனாலும் இருமல் வராது, முகம் மாறாது. ‘நல்லாத்தான் குடிச்சாங்க’ என்பார்கள் வீட்டுக்காரர்கள். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் சளியும் மூச்சிரைப்புமாக நிமோனியா வந்து நிற்கும். பக்கவாத நோயாளிகளின் உயிரைப் பறிக்கிறவற்றில் அது முக்கியமான ஒன்று. அந்த சிஸ்டர் பயந்துபோய்க் கத்தியிருக்கிறார். கத்தியதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன விஷயம் சரி.

அம்மாவின் உடம்புக்கு வேண்டிய தண்ணீர் மூக்குக் குழாய் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காய்ந்திருப்பது வாய். வாயைத் திறந்தே மூச்சு விடுவதால் நாக்கும் உதடும் வறண்டுபோகும், பார்க்கிற நமக்கு மனசு கேட்காது. அதற்குச் செய்ய வேண்டியது வாயைத் துடைத்துவிடுவது. தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திக்கொள்ளுங்கள். சுத்தமான காஸ் துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, பல், நாக்கு, இரண்டு கன்னத்தின் உட்புறம் எல்லாம் துடைத்துவிடுங்கள். விழுந்த பக்கத்துக் கன்னத்தில் சளியும் எச்சிலும் தேங்கி நிற்கும், அங்கே மறக்காமல். உதட்டில் கொஞ்சம் வாசலின். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். அம்மாவுக்கு இதமாக இருக்கும் என்பதோடு, அழுக்கு வாயிலிருந்து இறங்கும் எச்சில்தான் நிமோனியாக் கிருமியைக் கொண்டுபோகிறது என்பதால் இது நேரடியான சிகிச்சையும்கூட. முதல் தடவை மட்டும் சிஸ்டரைப் பக்கத்தில் நின்று காட்டச் சொல்லுங்கள்.

குழாய் காலத்துக்கும் இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு விழுங்கும் திறன் சில வாரங்களில் திரும்பிவிடும். அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு முறை இருக்கிறது. நேராக உட்காரவைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுப்பார்கள், தொண்டை மேலே எழுகிறதா, இருமல் வருகிறதா, ‘ஆ’ சொல்லும்போது குரலில் களகளப்புக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் கெட்டியான உணவில் ஆரம்பிப்பார்கள். இந்தச் சோதனையை மட்டும் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள்.

அடுத்து, ‘வைத்தியம் எதுவும் நடக்கவில்லை’ என்கிற மனக்குறை. ட்ரிப்ஸ் ஏறினால்தான், ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நமக்குப் பழகிவிட்டது. நீங்கள் ‘வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள்’ என்று எழுதியிருப்பதைப் பற்றி ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாத வார்டுகள். சாண்டி மிடில்டன் என்ற நர்ஸிங் பேராசிரியர் தலைமையில் நடந்து, 2011இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. புது மருந்தோ புது இயந்திரமோ அதில் கிடையாது. முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் நர்ஸ்கள் விடாமல் கவனித்து, ஏறினால் உடனே நடவடிக்கை எடுத்தார்கள், அவ்வளவுதான். 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழும் நிலையில் இருந்தவர்களும் சேர்த்து, வழக்கமான கவனிப்பு நடந்த வார்டுகளில் 58 சதவீதம், இந்த மூன்றையும் கவனித்த வார்டுகளில் 42 சதவீதம். விரலில் குத்துவதும் தெர்மாமீட்டர் வைப்பதும் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அடிபட்ட மூளைக்கு உடம்புச் சூடு ஆகாது, 99.5 டிகிரி என்றாலே கவனிக்க வேண்டும். சர்க்கரையும் 180க்கு மேலே நின்றால் கெடுதல். அதற்கு முன் சர்க்கரை வியாதியே இல்லாதவர்களுக்கும் அந்த நாட்களில் ஏறும், அதனால்தான் எல்லோர் விரலிலும் குத்துகிறோம்.

பிரஷர் 190 விஷயமும் இப்படித்தான். மேட்டு வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் ஏற மோட்டாருக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும் அல்லவா, அதுபோல அடைப்புக்கு அப்பால் உயிருக்கு ஊசலாடும் மூளைப் பகுதிக்கு ரத்தம் போய்ச்சேர உடம்பே பிரஷரை ஏற்றிக்கொள்கிறது. ஊசி போடாத அடைப்பு நோயாளிக்கு, வேறு காரணம் இல்லாவிட்டால், முதல் ஒன்றிரண்டு நாட்கள் 220/120 வரைக்கும் பெரும்பாலும் குறைக்கமாட்டார்கள். படபடவென்று இறக்கினால் பிழைக்க வேண்டிய பகுதியும் போய்விடலாம். ரத்தக்கசிவு வகை என்றால் கணக்கு வேறு, அங்கே சீக்கிரமாகவே இறக்குவார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் வந்தவுடன் சிடி ஸ்கேன் எடுப்பது. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்த மருந்தை நம் அம்மாவுக்கு ஏன் தரவில்லை என்று வார்டில் தினமும் சண்டை வருகிறதே, பாதிச் சண்டைக்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

ராத்திரி எழுப்பிக் கையைப் பிடிக்கச் சொல்வதும், கண்ணில் டார்ச் அடிப்பதும் மூளையில் வீக்கம் வருகிறதா என்று பார்ப்பதற்கு. பெரிய அடைப்பு என்றால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை அந்த ஆபத்து அதிகம். உங்கள் அம்மா அதைத் தாண்டிவிட்டார். இருந்தாலும் நேற்றைவிட இன்று அதிகம் தூங்குகிறார், கூப்பிட்டால் முழிக்க நேரமாகிறது என்று பட்டால் காத்திருக்காதீர்கள், உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். 24 மணி நேரமும் பக்கத்தில் இருப்பது நீங்கள். ஒரு வார்டில் ஒரு சிஸ்டர் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்று நீங்களே எண்ணியிருப்பீர்கள்.

இனி, புரட்டிப் போடுவது. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குப் போனதும் இது முழுக்க உங்கள் வேலை.

நாம் தூங்கும்போதுகூட நம்மையறியாமல் அசைந்துகொண்டே இருக்கிறோம். அம்மாவால் அது முடியாது. எலும்பு துருத்திய இடங்களில் தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண் ஆரம்பித்துவிடும். முதுகின் அடியில் வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, காது மடல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றும்போதெல்லாம் இந்த இடங்களைக் கண்ணால் பார்த்து விரலால் தொட்டுப் பாருங்கள். தோல் சிவந்தால் எச்சரிக்கை என்று புத்தகங்களில் இருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கருத்திருந்தால், சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அதுதான் அடையாளம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பவுடரை அள்ளிக் கொட்டக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் வாங்கி அடியில் வைப்பார்கள், வேண்டாம், அது வளையத்தைச் சுற்றி ரத்த ஓட்டத்தை இன்னும் தடுக்கும். அந்தப் பக்கம் படுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மருந்து. மெத்தை வாங்க வசதி இருந்தால் ஏர் பெட் நல்லது, ஆனால் ஏர் பெட் வந்துவிட்டது என்று புரட்டுவதை விட்டுவிடுகிற வீடுகளில்தான் பெரிய பெரிய புண்களைப் பார்த்திருக்கிறேன்.

புரட்டும்போதும் உட்காரவைக்கும்போதும் வலது கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் இப்போது வேலை செய்யவில்லை, கை தொங்கினாலே மூட்டு கீழே இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் தோள்வலி, அந்த வலியால் பயிற்சியே செய்ய முடியாது. படுத்திருந்தாலும் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும்.

மாமா சொல்கிற உருவிவிடும் வைத்தியத்தில் எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். வீட்டில் ஒருவர் வெதுவெதுப்பான எண்ணெயை மெல்லத் தடவிவிடுவதில் தப்பில்லை, தோல் புண்ணாகாமல் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இழுத்து, முறுக்கி, நெட்டி எடுத்து உருவுகிறவரிடம் இப்போதைக்கு விடாதீர்கள். அதைவிட, அங்கே போனதும் ‘இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தினால் இரண்டாவது தாக்குதலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். புறா ரத்தத்தால் ஒரு பயனும் இல்லை. புறா பாவம்.

எழுப்பி நடக்கவைக்கும் அவசரமும் சிலருக்கு உண்டு. முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாடவைத்தால் நல்லதா என்று 5 நாடுகளில் 2104 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், 2015இல் முடிவு வந்தது. அப்படி அவசரப்படுத்தியவர்கள் சற்றுக் குறைவாகவே தேறினார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. எட்டாம் நாளில் கட்டிலோரம் உட்காரவைத்திருக்க வேண்டும், செய்யவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் இன்றே கேளுங்கள். யூரின் குழாய் இன்னும் இருந்தால் அதை எப்போது எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி ஏற வாய்ப்பு.

அம்மா அழுவதைப் பற்றி. மூளையில் அடிபட்டவர்களுக்கு அழுகையை அடக்கும் பிடி தளர்ந்துபோகும். துக்கம் இல்லாமலே அழுகை வரும், சில சமயம் சிரிப்பும் வரும். அப்போது ‘அழாதே அழாதே’ என்று கூட அழுவதைவிட, பேச்சை மாற்றினால் சட்டென்று நின்றுவிடும். நின்றுவிட்டால் அது இந்த வகை. நாள் முழுக்க முகம் வாடி, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டால் மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வரக்கூடியது, அதற்கு மருந்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் அவர் அழுகிறாரே என்று நீங்கள் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

வலது பக்கம் விழுந்து பேச்சும் போயிருக்கிறது என்றால் அடி இடப்பக்க மூளையில். பேசமுடியாததால் காது கேட்கவில்லை என்று நினைத்துக் காதருகில் கத்துவார்கள் பார்க்க வருகிறவர்கள். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். நீங்கள் சொல்வதில் எவ்வளவு புரிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆமாம் இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற கேள்வி. கேட்டுவிட்டு நிதானமாகக் காத்திருங்கள், நாமே பதிலைச் சொல்லிவிடக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும், சாமி பேரும், பழைய பாட்டும் சிலருக்குப் பேச்சுக்கு முன்னாலேயே வந்துவிடும். சேர்வராயன் சாமி பேரைச் சொல்லிப் பாருங்கள். அவர் கட்டிலின் தலைமாட்டில் நின்று செலவுக் கணக்கையும் ‘இனி தேறுமா’ என்பதையும் மட்டும் பேசாதீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பாவது வார்டில் நீங்களே உங்கள் கையால் எல்லாம் செய்யுங்கள், சிஸ்டர் பார்க்கட்டும். குழாயில் ஊற்றுவதற்கு முன் மூக்கருகே இருக்கும் அடையாளக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, முதுகை உயர்த்தி வைப்பது, ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லியை அழுத்தாமல் தானாக இறங்கவிடுவது, முடிந்தபின் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை படுக்கவைக்காமல் இருப்பது. எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், எல்லாவற்றையும் பொடிக்க முடியாது. இதையெல்லாம் டியூட்டி மாறுகிற நேரத்தில் கேட்காதீர்கள், அப்போது யாருக்கும் பதில் சொல்ல வாய் வராது. மாறி ஒரு மணி நேரம் கழித்து, காலை மருந்து கொடுத்து முடித்த நேரத்தில் கேளுங்கள். எவ்வளவு திட்டுகிற சிஸ்டரும் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் மாறிவிடுவார்.

உங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மலையேறும்போது 20 கொண்டை ஊசி வளைவு. வயிறு நிறைய ஊற்றிக்கொண்டு கிளம்பினால் பாதி வழியில் வாந்தி வரும், விழுங்கமுடியாதவருக்கு வாந்தி என்றால் அது நேரே நுரையீரலுக்குத்தான். கடைசியாக ஊற்றி இரண்டு மணி நேரமாவது ஆனபின் வண்டி ஏற்றுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காமல் சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுபோங்கள், டிரைவரிடம் மெதுவாக ஏறச் சொல்லுங்கள். வீட்டில் கழிப்பறை வெளியே, சரிவில் இருந்தால் ஒரு கம்மோடு நாற்காலி வாங்கிவிடுங்கள், கட்டிலுக்கு இடப்பக்கம், அதாவது நல்ல பக்கம், போடுங்கள்.

பயிற்சியை வீட்டிலேயே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இருந்துவிடாதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவு, வழக்கமான கவனிப்பைவிட அதில் கூடுதல் பலன் இல்லை என்பது. உங்கள் உழைப்பு வேண்டும், கூடவே பிசியோவும் வேண்டும். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆன அன்றே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். முதல் மூன்று மாதம்தான் வேகமாகத் தேறும் காலம். மறுபடி காப்பிப் பழம் பறிக்கப் போவாரா என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. அதன்பிறகும் மெல்ல மெல்லத் தேறுகிறவர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ முகம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, சரியாகிறதா பார்ப்போம் என்று இருக்காமல் 108க்கு அடியுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதில் மலையிறங்கும் நேரமும் சேர்த்தி. அந்தக் கணக்கு நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து தொடங்காது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். தூக்கத்திலேயே வந்ததால் உங்கள் அம்மாவுக்கு முதல்நாள் ராத்திரி படுத்ததிலிருந்தே கணக்கிட்டிருப்பார்கள், அதனால்தான் நேரம் தாண்டிவிட்டது. வண்டியில் ஏறும்போதே அந்த நேரத்தையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வாசலில் முதல் கேள்வியே அதுதான்.